ஜீவாவின் பெயருக்கு ஒரு மணி

உத்திரமேரூர்,
10 ஜூன் 2025

தம்பி வசந்துக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போதகர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தவர்களுக்கு என்ன குறை.

தினமும் போன் பண்ணுகிறாய், நான் எடுப்பதில்லை. கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். கோபம் இருக்கிறது. ஆனால் காரணம் அது இல்லை. மார்ச் மாதம் நீ எனக்குப் போனில் ஆறுதல் சொன்னாயே, பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்த யோபுவின் கதையை ஆதியோடந்தமாக, அப்போது நடுவில் இன்னொரு போன் வந்தது. தெரியாத நம்பர். யோபுவுக்கு அப்போதுதான் கொப்புளம் வந்திருந்தது, உன்னை எப்படி நிறுத்துவது என்று இருந்துவிட்டேன். நீ வைத்ததும் அந்த நம்பருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். இன்றுவரை சுவிட்ச் ஆஃப்தான். அது ஜீவாவாக இருந்திருந்தால்? அன்றிலிருந்து நான் யாரோடும் போனில் பேசுவதில்லை. என் பிள்ளை கூப்பிடும்போது லைன் காலியாக இருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

இனி கோபத்துக்கு வருகிறேன். மே மாதம் லீவில் வந்தாய். சாப்பிட்டாய். கை கழுவிய ஈரத்தோடு சுவரிலிருந்த அந்தோணியார் படத்தைக் கழற்றினாய். பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் வாசலில் நின்று பார்க்கிறாள், மருமகள் ஜெனிஃபர் கைக்குழந்தையோடு பார்க்கிறாள். "லுத்தரன் வீட்டுச் சுவரில் இது எதற்கு அக்கா?" என்று கேட்டு, படத்தைப் பேப்பரில் சுற்றி உன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். என் வீடு வசந்த். என் ஆணி.

அந்தப் படம் எப்படி வந்தது என்று நீ கேட்கவே இல்லை. போன டிசம்பர் மழையில் மாகறல் தரைப்பாலத்துக்கு மேலே செய்யாறு போய்க்கொண்டிருந்தது. ஜீவா கம்பெனியில் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தான். பைக் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகும் ஆற்றோரத்து இருளர் குடியிருப்பிலிருந்து முனியன் ஆட்களோடு தேடினார். கடைசியில் என்னிடம் வந்து, "ஆறு இன்னா எடுத்தாலும் கொஞ்ச நாள்ல எங்கியாச்சும் ஒதுக்கிப் போட்டுரும்மா. இத போடலயே. எனக்கே புரியல" என்றார். அவருக்கே புரியவில்லை என்றால் எனக்கு எப்படிப் புரியும்?

செங்கல்பட்டு போகிற வழியில் ஒரு சின்ன அந்தோணியார் கோயில் இருக்கிறது. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவராம் அவர். சாவியைத் தொலைத்தவர்கள் வருகிறார்கள், பசுமாட்டைத் தொலைத்தவர்கள் வருகிறார்கள், இந்துக்களும் வருகிறார்கள். நானும் செவ்வாய்தோறும் போகிறேன். அந்தப் படம் அங்கே வாங்கியதுதான். மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். "என் மகனைக் காணோம்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். வேறு ஒன்றும் கேட்பதில்லை.

வேறு படம் வாங்கி அதே ஆணியில் மாட்டிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

உன் அக்கா,
மலர்க்கொடி

அறந்தாங்கி,
21 ஜூன் 2025

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் போன் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்ததிலிருந்து பிரசங்கத்துக்கு யோபுவை எடுக்கக் கை வரவில்லை. இனிமேல் நானும் போன் பண்ண மாட்டேன். உன் லைன் காலியாகவே இருக்கட்டும்.

படத்தை நான் கிழிக்கவில்லை, எறியவும் இல்லை. செங்கல்பட்டில் பஸ் மாறும்போது ஒரு மாதாகோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார். எடுத்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எடுத்த விதம் சரியில்லை. நாலு பேர் பார்க்க உன்னைத் தலைகுனிய வைத்ததற்கு மன்னித்துவிடு.

பரிசுத்தவான்களே வேண்டாம் என்று நம் சபை சொல்லவில்லை அக்கா. அந்தோணியார் நல்ல விசுவாசி, ஏழைகளுக்கு இரங்கியவர். அவரை நினைக்கலாம். அவரைக் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லலாம். அவரைப்போல் வாழ முயலலாம். அவரிடம் வேண்டக் கூடாது, அவ்வளவுதான். வேண்டுவதற்கு ஒருவர்தான் இருக்கிறார். இதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இறையியல் கல்லூரி இல்லை. ஞாயிறு பள்ளியில் நீதான். "அப்பா வீட்டிலேயே இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் எதற்கடா சிபாரிசு?" என்று எங்களைக் கேட்பாய். எல்லாரும் சிரிப்போம்.

ஜீவா எனக்கும் பிள்ளைதான். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளில் அவனைத் தூக்கிக்கொண்டு நின்றவன் நான். அவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை, இல்லை என்று சொல்லவும் தைரியமில்லை. ஆனால் எங்கே இருந்தாலும் ஆண்டவர் கையில் இருக்கிறான் என்று சொல்ல முடியும். அதைப் பிடித்துக்கொள்.

அங்கே புதிதாக வந்திருக்கும் வேதகிரி போதகர் என்னோடு படித்தவர். நல்ல மனிதர். உன் நிலைமையையும் படத்தைப் பற்றியும் அவரிடம் சொல்லி, உன்னை வந்து பார்க்கும்படி கேட்டிருக்கிறேன். அவரிடம் மனம்விட்டுப் பேசு.

அன்புத் தம்பி,
வசந்த்குமார்

உத்திரமேரூர்,
14 ஜூலை 2025

வசந்த்,

உன் நல்ல மனிதர் வந்தார். டீ குடித்தார். குழந்தையைக் கொஞ்சினார். படத்தை ஒரு பார்வை பார்த்தார். ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். தங்கமான மனிதர் என்று நானும் நினைத்தேன்.

நேற்று ராப்போஜனம். பீடத்துக்கு முன்னால் வரிசையில் முழங்கால் போட்டேன். என் இடது பக்கத்தில் சிட்டம்மாள், வலது பக்கத்தில் ஜெனிஃபர். சிட்டம்மாளுக்கு அப்பம் கொடுத்தார். எனக்கு எதிரே வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் சொன்னார். இன்னும் திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகள் தாயோடு வந்து நின்றால் சொல்வார்களே, அதே ஆசீர்வாதம். சொல்லிவிட்டு ஜெனிஃபருக்கு அப்பம் கொடுக்கப் போய்விட்டார். நீட்டின கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் சிட்டம்மாள், "இன்னாம்மே, உனக்கு மட்டும் குடுக்காம பூட்டாரு? கொயந்தைக்குப் பண்ற மாரி தலைய தொட்டுட்டுப் போறாரு?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாள். அவள் என் பக்கம்தான். ஆனால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது.

நான் நேராகப் போய் வேதகிரி போதகரைக் கேட்டேன். "கமிட்டியில பேசிட்டோம்மா. உங்க தம்பியே மனசு கஷ்டப்பட்டுச் சொன்ன விஷயம். அந்தப் படம் சுவத்துல இருக்கிற வரைக்கும் பொறுத்துக்குங்க. ஞாயிறு பள்ளியும் கொஞ்ச நாள் வேற யாராவது பார்க்கட்டும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொல்வதால் வலி குறையும் என்று எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு இரண்டு பூசாரிகள். ஒருவன் கூடப்பிறந்தவன்.

இப்போது ஒன்று கேட்கிறேன். பிரசங்கம் பண்ணாமல் பதில் சொல். செத்தவர்களுக்காக வேண்டக் கூடாது, அவர்களைக் கொடுத்ததற்கு நன்றி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். என் வீட்டுக்காரர் போனபோது அப்படித்தான் செய்தேன். அழுதுகொண்டே 'நன்றி ஆண்டவரே' என்றேன். உயிரோடு இருக்கிறவர்களுக்காக 'காப்பாற்றும்' என்று கேட்கலாம். சரி. ஜீவாவுக்கு நான் எதைச் சொல்ல? 'காப்பாற்றும்' என்று கேட்டு, அவன் இல்லையென்றால், அது செத்தவனுக்கான ஜெபம். நீங்கள் வேண்டாம் என்பது. 'நன்றி' என்று சொன்னால் என் பிள்ளையை நானே குழியில் இறக்கினதாகிவிடும். டிசம்பரிலிருந்து முழங்கால் போடுகிறேன், ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிடுகிறேன். கதவு வரைக்கும் போய்த் தட்டாமல் திரும்புகிறேன்.

அந்தோணியார் என்னை இந்தக் கேள்வி கேட்பதில்லை. உயிரா பிணமா என்று அவருக்கு வேண்டாம். காணோம் என்றால் போதும். நான் ஏன் அங்கே போகிறேன் என்று இப்போதாவது புரிகிறதா? நம் கோயிலில் இருக்கிறவனுக்கு ஜெபம் இருக்கிறது, இறந்தவனுக்கு ஜெபம் இருக்கிறது. காணாமல் போனவனுக்கு ஒன்றும் இல்லை வசந்த்.

மலர்க்கொடி

அறந்தாங்கி,
26 ஜூலை 2025

அன்பான அக்காவுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. உனக்கு ஆறுதல் கிடைக்கட்டும் என்றுதான் வேதகிரியிடம் சொன்னேன். உன்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அன்றே அவருடன் போனில் பேசினேன், எழுதியும் அனுப்பினேன். "கமிட்டி எடுத்த முடிவு, நான் மட்டும் மாத்த முடியாது. நீ என் இடத்துல இருந்தா இன்னா பண்ணுவே?" என்று கேட்கிறார். அக்கா, அவர் இடத்தில் நான் இருந்து, அந்த வீடு வேறு யாருடையதோ என்றால், நானும் அதைத்தான் செய்திருப்பேன். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

படத்தை எடுத்துவிடு என்று கெஞ்சலாமா என்று பார்த்தேன். அதற்கு எனக்கு இனி முகமில்லை.

உன் கேள்வியைப் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். எனக்குத் தெரிந்த பதில் இது ஒன்றுதான். 'உமது சித்தம் ஆகட்டும்' என்று ஜெபி. அது இருக்கிறவனுக்கும் பொருந்தும், இறந்தவனுக்கும் பொருந்தும். அதில் தவறு வராது.

அன்புத் தம்பி,
வசந்த்குமார்

உத்திரமேரூர்,
9 செப்டம்பர் 2025

தம்பி,

உன் பதிலைச் சொல்லிப் பார்த்தேன். 'உமது சித்தம் ஆகட்டும்.' தவறு வராதுதான். கேட்கவே இல்லை என்றால் தவறு எங்கிருந்து வரும்? மழை பெய்யட்டும், பெய்யாமலும் இருக்கட்டும் என்று ஏரிக்கரையில் நின்று சொல்வதைப் போல இருக்கிறது. நீ நல்ல மனதோடு எழுதினாய் என்று தெரியும். ஆனால் அதை வைத்து ஒரு தாய் என்ன செய்வாள்?

அந்தோணியாரையும் விட்டுவைக்கவில்லை, கேட்டுக்கொள். போன செவ்வாய் அங்கே ஒருத்தி தொலைந்த தாலிச்செயின் கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் பன் வாங்கிக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். தின்றேன். தின்றுகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். கையில் குழந்தை இயேசுவை வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார். "அந்தக் குழந்தைதான் பத்திரமாக இருக்கிறதே, ஒரு நிமிஷம் கீழே இறக்கி விட்டுட்டு என் குழந்தையைத் தேடக் கூடாதா?" என்று கேட்டேன். வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பக்கத்திலிருந்தவள் சிலுவை போட்டுக்கொண்டாள். இப்போது எனக்கு இரண்டு கோயிலிலும் நல்ல பெயர் இல்லை.

இனி முக்கியமான விஷயம். ஜெனிஃபரைப் பற்றி.

அவளுடைய அப்பா செங்கல்பட்டிலிருந்து வந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அவள் போகவில்லை. ஆனால் நேற்று என்னிடம் வந்து உட்கார்ந்தாள். நவம்பர் முதல் வாரம் சகல பரிசுத்தவான்கள் ஞாயிறு வருகிறதல்லவா. அந்த வருடம் சபையில் இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகப் படித்து, அந்தந்த வீட்டார் மெழுகுவர்த்தியோடு எழுந்து நிற்க, பெயருக்கு ஒரு மணி அடிப்பார்களே. அதில் ஜீவாவின் பெயரைப் படிக்கச் சொல்லி வேதகிரி போதகரைக் கேட்டிருக்கிறாளாம்.

"ஒரே ஒரு மணி அத்த. அது அடிச்சிட்டா நான் அழுது முடிச்சிருவேன். இப்ப ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலுன்னு நின்னுகினு கீறேன். இந்தக் கொயந்தைக்கு அப்பா எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?" என்றாள்.

நான் அவளை அடிக்கவில்லை. கை எழுந்தது, அடிக்கவில்லை. அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என் பிள்ளையைக் கட்டிக்கொண்டதைத் தவிர அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் அந்த மணி அடித்துவிட்டால் ஜீவா செத்தவன் வசந்த். உடம்பு இல்லை, குழி இல்லை. அந்த மணிதான் அவனுக்குக் குழி. என் வீட்டுக்காரருக்கு அது அடித்தபோது நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வர மாட்டார் என்று என் காதுக்குத் தெரிந்துவிட்டது. உடம்பெல்லாம் தெரிந்துவிட்டது.

நீ ஒரு வார்த்தை சொன்னாய், என்னைப் பந்தியிலிருந்து விலக்கினார்கள். இன்னொரு வார்த்தை சொல். என் மகன் பெயரை விலக்கட்டும். நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அக்கா

அறந்தாங்கி,
4 அக்டோபர் 2025

அன்பான அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுதுவதற்கு நல்ல செய்தி இல்லை.

வேதகிரியிடம் பேசினேன். "மனைவி கேட்கிறாள், குழந்தையைப் பெற்றவள் கேட்கிறாள். தாய் மறுக்கிறாள் என்று மனைவியை எப்படித் திருப்பி அனுப்ப?" என்கிறார். அவரும் தூக்கமில்லாமல்தான் இருக்கிறார். பிறகு ஜெனிஃபரிடம் பேசினேன். விட்டுக்கொடும்மா என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். "மாமா, நீங்களே சொல்லுங்க, அவரு வருவாரா?" என்று கேட்டாள். போதகர் நான். வருவார் என்று சொல்லியிருந்தால் பொய். வர மாட்டார் என்று சொல்ல நான் யார்? அவள் அழுதாள். நான் போனை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அப்புறம் அவளே வைத்துவிட்டாள்.

அந்தப் பெயர் வாசிப்பு இறந்தவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை, அது உயிரோடு இருக்கிறவர்களுக்காகத்தான் என்று நான் வருடாவருடம் சொல்லி வந்திருக்கிறேன். அவர்கள் ஏற்கனவே பரிசுத்தவான்களின் கூட்டத்தில் இருக்கிறார்கள், நாம் அவர்களுக்காக நன்றி சொல்கிறோம், அவ்வளவே என்பேன். இப்போது அதே வார்த்தை என்னைத் திருப்பி அடிக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களுக்காக என்றால் எந்த உயிருக்காக? உனக்காகவா, அவளுக்காகவா? இருதலைக் கொள்ளி எறும்பாகிவிட்டேன் அக்கா.

அவளை விட்டுக்கொடுக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன். விட்டுக்கொடு. பெயரைப் படிக்கட்டும். நான் வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆனால் அதே ஞாயிறு இங்கேயும் பெயர் வாசிக்க வேண்டும். என் சபையில் இந்த வருடம் ஐந்து வீட்டில் சாவு. அவர்களை விட்டுவிட்டு வர முடியாது.

நீ கேட்ட ஒன்றையும் செய்ய முடியாத தம்பி,
வசந்த்குமார்

உத்திரமேரூர்,
20 அக்டோபர் 2025

வசந்த்,

சரி. நீ வர வேண்டாம். உன் ஐந்து வீட்டையும் பார்.

ஜெனிஃபரும் நானும் சண்டை போடுவதில்லை. அவள் சோறு வைக்கிறாள், நான் குழந்தையைக் குளிப்பாட்டுகிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரு வீட்டில் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருக்கிறாள். அதை அலமாரியில் மறைத்துதான் வைத்திருக்கிறாள், ஆனால் இந்த வீட்டில் எனக்குத் தெரியாத மறைவு ஏது?

நான் கோயிலுக்குப் போவேன். கடைசி பெஞ்சில் உட்காருவேன். எழுந்து நிற்க மாட்டேன், மெழுகுவர்த்தி பிடிக்க மாட்டேன். ஆனால் என் பிள்ளையின் பெயரை அங்கே படிக்கும்போது நான் இல்லாமல் போகக் கூடாது.

அந்த நேரத்தில் நீ என்னை நினைத்துக்கொள். தனியாகக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா

அறந்தாங்கி,
2 நவம்பர் 2025, ஞாயிறு மாலை

என் அன்பு அக்கா,

இன்று காலை நடந்ததை உடனே உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நினைத்துக்கொள் என்றாய். வெறுமனே நினைப்பது போதாது என்று எனக்குப் பட்டது. நம் ஊரிலும் இங்கேயும் ஆராதனை ஒரே நேரம்தான். அங்கே ஜீவாவின் பெயருக்கு மணி அடிக்கும்போது நீ அதைத் தனியாகக் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் மணி அடிப்பவரிடம் முன்பே சொல்லி வைத்தேன். ஐந்து பெயரையும் வாசித்தேன். ஐந்து வீட்டாரும் நின்றார்கள். பிறகு, "என் அக்காவின் மகன் ஜீவா" என்று வாசித்தேன்.

அவனுக்காக எழுந்து நிற்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல்தான் வாசித்தேன். அக்கா, கோயில் முழுவதும் எழுந்து நின்றது. அவன் முகத்தைக்கூடப் பார்த்திராத ஜனங்கள். கணவனை இழந்த ஒரு அம்மா தன் கையிலிருந்த மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்தார். மணி அடித்தது. நீளமாக, நிதானமாக அடித்தது. அந்தச் சத்தம் அடங்குகிறவரை ஒருவரும் உட்காரவில்லை. அதே நேரம் அங்கேயும் அடித்திருக்கும், இரண்டு மணியும் சேர்ந்து அவனை அனுப்பி வைக்கின்றன என்று எண்ணிக்கொண்டேன்.

டிசம்பருக்குப் பிறகு முதல்முறையாக இன்று அவனுக்காக என்னால் 'நன்றி' என்று ஜெபிக்க முடிந்தது. உன் கேள்விக்குப் பதில் கிடைத்ததாக நினைக்கிறேன். மணி அடித்தாகிவிட்டது. இனி நீயும் நன்றி சொல்லலாம். உன் வாய் திறக்கும்.

இதை நாளைக் காலை முதல் தபாலில் சேர்த்துவிடுகிறேன். வைத்திருந்தால் திருத்தத் தொடங்கிவிடுவேன்.

உன் தம்பி,
வசந்த்

உத்திரமேரூர்,
3 நவம்பர் 2025

தம்பி வசந்துக்கு,

நேற்று என்ன நடந்தது என்று வேதகிரி போதகர் உனக்குப் போனில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னால் அக்காவுக்குப் பைத்தியம் என்று நினைப்பாய்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெனிஃபர் முன்னால், அவள் அப்பா அம்மாவோடு. குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். மூன்று பெயர் படித்தார்கள், மூன்று மணி அடித்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு, கேட்டுவிடலாம், ஒரு மணிதானே, கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. நாலாவதாக "ஜீவா" என்றார். ஜெனிஃபர் மெழுகுவர்த்தியோடு எழுந்தாள்.

"உள்ளேன் ஐயா!"

பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பிள்ளைகள் சொல்வார்களே, அதேபோல. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது என் குரல் என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

வேதகிரி போதகர் என்னைப் பார்த்தார். ஜெனிஃபரைப் பார்த்தார். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த சிட்டம்மாள் வீட்டுக்காரரைப் பார்த்தார். கயிறு அசையவில்லை. அப்புறம் போதகர் தலையைக் குனிந்து அடுத்த பெயரைப் படித்தார். அதற்கு மணி அடித்தது. அந்த வீட்டார் எழுந்தார்கள். ஜெனிஃபர் அப்படியே நின்றுகொண்டிருந்தாள், பிறகு மெழுகுவர்த்தியை அவளே ஊதி அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே சிட்டம்மாள் வீட்டுக்காரரைக் கமிட்டிக்காரர்கள் ஏன் அடிக்கவில்லை என்று பிடித்துக்கொண்டார்கள். அவர், "ஆளு கீறேன்னு பதில் வந்தப்புறம் நான் எப்டிங்க மணி அடிக்கிறது?" என்று கேட்டார்.

சாயங்காலம் ஜெனிஃபர் துணியை மடித்து வைத்தாள். நான் தடுக்கவில்லை. அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "மணி அடிச்சிருந்தா நான் இங்கியே இருந்திருப்பேன் அத்த. செத்தவரு பொண்டாட்டியா இந்த வூட்ல காலத்துக்கும் உன்கூட இருப்பேன். காணாதவரு பொண்டாட்டியா என்னால வாசல பாத்துகினே இருக்க முடியல" என்றாள். என் காலைத் தொட்டாள். குழந்தையை என்னிடம் ஒருமுறை கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். போய்விட்டார்கள்.

அவளுக்கு நான் செய்தது அநியாயம் என்று தெரியும். அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பேத்தியின் சின்னக் கவுன் ஒன்று கொடியில் மறந்துபோய்விட்டது. அதை எடுத்து வைக்கவும் மனமில்லை.

ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் போன பிறகு முழங்கால் போட்டேன். 'காப்பாற்றும்' என்று கேட்டேன் வசந்த். டிசம்பருக்குப் பிறகு முதல்முறையாக, தப்பா சரியா என்று பார்க்காமல் வாய் நிறையக் கேட்டேன். என் பிள்ளைக்குச் சோறு கொடும், கால் வலிக்காமல் பார்த்துக்கொள்ளும், வழி தெரியாவிட்டால் காட்டும் என்று உயிரோடு இருக்கிறவனுக்குக் கேட்பதையெல்லாம் கேட்டேன். கேட்கலாம்தானே? அவன் பெயருக்கு இந்த உலகத்தில் எங்கேயும் மணி அடிக்கவில்லை. மருமகள் போனாள், பேத்தி போனாள், பந்தி போனது. அந்த ஒன்று எனக்கு மிச்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

நேற்று அந்த நேரத்தில் நீ என்னை நினைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்திருக்கும்? எப்படி நினைத்துக்கொண்டாய் என்று எழுது. தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் அக்கா,
மலர்க்கொடி